ஓடாத வண்டிக்கு யார் காசு கொடுப்பது? கொழும்பில் லொறி வேலைக்குப் போகிறவர் பார்க்கவேண்டிய கணக்கு

அக்காவின் மகனுக்கு 23 வயது. வீடு மட்டக்குளியில். லைசன்ஸில் நடுத்தர லொறி ஓட்டும் சி1 வகை விழுந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தான். மூன்று இடத்தில் வேலை கேட்டிருந்தான், மூன்றும் சரிவந்திருந்தது. ஒரு கொப்பித் தாளில் ஒவ்வொன்றுக்கும் நேரே மாதம் எவ்வளவு கைக்கு வரும் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான். புறக்கோட்டைக் கடையொன்றின் கென்டர் லொறிக்கு ஒரு தொகை. வத்தளைப் பக்கம் உணவுச் சாமான் விநியோகிக்கும் கம்பனிக்கு அதைவிடக் குறைவு. ட்ரெய்லர் இழுக்கும் பிரைம் மூவர் ஆறு வைத்திருக்கும் கொன்டெய்னர் முதலாளி ஒருவர், "முதலில் கிளீனராக ஏறு, ட்ரெய்லர் பழகு, பிறகு உன் கையில்தான் வண்டி" என்று சொல்லி, பிறகு வரப்போகும் காசாக ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே இவன் இரண்டு கோடு போட்டிருந்தான்.

"மாமா, இதில யோசிக்க என்ன இருக்கு?"

தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் அதே மூன்று பேருக்கும் நேரே வேறொரு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன். வண்டி நிற்கிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. ஒருவரிடமும் அதைக் கேட்டிருக்கவில்லை.

நான் 17 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கிளீனராக ஏறி, புறக்கோட்டை லொறி ஓட்டி, சின்ன முதலாளி ஒருவரிடம் கொன்டெய்னர் இழுத்து, இப்போது ஒரு கம்பனியில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். கொழும்பில் லொறிச் சாரதி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதை ஆரம்பத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் பெரிய வண்டிகள் நகருக்குள் ஓட முடியாது, ஆகவே பேலியகொடைப் பக்கமோ ஒருகொடவத்தைப் பக்கமோ ஓரங்கட்டி நிற்கவேண்டும். துறைமுக கேட்டில் வரிசை. சுங்கப் பரிசோதனைக்குப் போன பெட்டி என்றால் யார்டில் இன்னொரு வரிசை. சாமான் இறக்கப் போன ஸ்டோரில் முன்னால் நாலு வண்டி. திரும்பி வெறும் பெட்டியை டிப்போவில் கொடுக்கப் போனால் அங்கேயும் வரிசை. ஒரு நாளில் 60 கிலோமீற்றர் ஓடியிருப்போம், 14 மணித்தியாலம் போயிருக்கும்.

ஆகவே மாதத் தொகையைக் கேட்டு வேலையைத் தெரிவுசெய்வது, மணமேடை அலங்காரத்தைப் பார்த்து மாப்பிள்ளையை முடிவுசெய்வது மாதிரி. அந்தத் தொகை எத்தனை நாள் ஓடினால் வரும், ஓடாத நாளில் எவ்வளவு வரும் என்ற இரண்டையும் பிரித்துக் கேட்கவேண்டும்.

முதலில் கையில் இருக்கும் கார்ட்

லைசன்ஸ் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேலையைத் தீர்மானிப்பதே அதுதான். பி இருந்தால் மொத்த நிறை 3,500 கிலோவுக்கு உட்பட்ட சின்ன லொறி, டிமோ பட்டா போன்றவை ஓட்டலாம். சி1 என்றால் 3,500 கிலோவிலிருந்து 17,000 கிலோ வரை. கென்டர், எல்ஃப் எல்லாம் இதற்குள் அடங்கும். 17,000 கிலோவுக்கு மேற்பட்ட பத்துவீல் வண்டிக்கு சி வேண்டும். பிரைம் மூவரில் ட்ரெய்லர் மாட்டி ஓட்ட சிஇ. கனரக லைசன்ஸை 4 வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்கவேண்டும். கண், இரத்த அழுத்தம், சீனி மூன்றும் இந்தத் தொழிலின் மூலதனம், அதைக் கவனிக்காமல் விட்டால் 45 வயதில் கார்ட் கையில் இருக்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சி1 மட்டும் உள்ள பொடியனைக் கிளீனராக ஏற்றிவிட்டு, "இரவில் யார்டிலிருந்து பக்கத்து யார்டுக்குத்தானே, நீயே எடு" என்று சொல்லும் முதலாளிமார் உண்டு. பழகுகிற ஆசையில் பொடியனும் எடுப்பான். அந்த இரண்டு கிலோமீற்றரில் ஒரு முச்சக்கர வண்டியில் பட்டால்கூட, உரிய வகை லைசன்ஸ் இல்லாத சாரதி என்று காப்புறுதி கைவிரிக்கும், வழக்கு அவன் பெயரில் விழும். முதலாளி பொலிஸில், "நான் எடுக்கச் சொல்லவில்லை" என்று ஒரு வசனத்தோடு முடித்துவிடுவார்.

புறக்கோட்டை முதலாளியின் லொறி

என் ஆரம்பம் இங்கேதான், ஆகவே கொஞ்சம் பாசம் இருக்கும். 4ஆம் குறுக்குத் தெருவில் பின்னேரம் லோட் ஏற்றி, இரவு புறப்பட்டு, புத்தளம் வழியாகவோ தம்புள்ளை வழியாகவோ ஏ9 வீதியைப் பிடித்து, விடியும்போது யாழ்ப்பாணத்தில் சாமான் இறக்கும் ஓட்டம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்து, ஒரு பக்கெட் கச்சான் வாங்கி, முகம் கழுவிக்கொண்டு ஏறினால் நித்திரை கலைந்துவிடும். அந்த நிறுத்தம் பக்திக்கு மட்டுமில்லை, அந்த நேரத்தில்தான் கண் சொருகும் என்று முன்னே ஓடியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாரதி வேலையில் ஸ்டியரிங் பாதிதான் என்று இந்த லொறியில்தான் படித்தேன். மற்றப் பாதி எண்ணிக்கை. சுமை தூக்கும் நாட்டாமிமார் மூட்டை ஏற்றும்போது சாரதி தேத்தண்ணிக் கடையில் இருந்தால், இறக்கும் இடத்தில் குறையும் மூட்டை சாரதியின் கணக்கு. என் முதல் மாதத்தில் பருப்பு இரண்டு மூட்டை குறைந்தது. ஏறவே இல்லையா, வழியில் போனதா, இறக்கிய இடத்தில் மறைந்ததா, இன்றைக்கும் தெரியாது. மாதக் கடைசியில் முதலாளி ஒன்றும் பேசவில்லை, பட்டாவிலிருந்து, அதாவது சம்பளத்துக்கு மேல் ஓட்டத்துக்குத் தரும் படிக்காசிலிருந்து, கழித்துவிட்டு மிச்சத்தை நீட்டினார். அதற்குப் பிறகு ஒரு சோக்குக் கட்டி எப்போதும் சட்டைப் பையில். ஐந்து மூட்டைக்கு ஒரு கோடு, பின்கதவின் உள்பக்கத்தில். லோட் முடிந்ததும் நாட்டாமித் தலைவரைக் கூப்பிட்டு இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, டெலிவரி நோட்டில் அவருடைய கையெழுத்தும் விழுந்த பிறகுதான் படங்கு இழுப்பேன்.

இந்த வேலையில் காத்திருப்பு இருப்பது திரும்பி வரும் வழியில். யாழ்ப்பாணத்தில் இறக்கிய வண்டி வெறுமையாக வந்தால் முதலாளிக்கு நட்டம், ஆகவே சுன்னாகத்திலோ திருநெல்வேலியிலோ வெங்காயம், வாழைக்குலை, ஏதாவது லோட் கிடைக்கும்வரை நிற்கச் சொல்வார். சில நேரம் ஒரு நாள், சில நேரம் இரண்டு. சாப்பாட்டுக் காசு கொடுப்பார், நிற்கும் நாளுக்குப் பட்டா கொடுப்பவர் குறைவு. கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: பட்டா ட்ரிப்புக்கா, நாளுக்கா?

இந்த இடத்தில் நியமனக் கடிதம் என்ற பேச்சு பெரும்பாலும் இருக்காது. ஆனால் வீட்டில் செத்தவீடு, ஆஸ்பத்திரி என்றால் கேட்காமலே காசு கையில் வைக்கும் முதலாளிமாரும் இங்கேதான் இருக்கிறார்கள். தீபாவளிக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார், ஏனென்றால் அன்றைக்கு அவருடைய கடையும் பூட்டு. இதையெல்லாம் எந்தக் கணக்கில் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஓய்வுக்கால நிதியாக மட்டும் போடமுடியாது.

கொன்டெய்னர்

பொடியன்மாரை இழுப்பது இதுதான். 40 அடிப் பெட்டியை மாட்டிக்கொண்டு பேஸ்லைன் வீதியில் திரும்பும்போது ஒரு கெத்து இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

கொழும்புத் துறைமுகம் 2024இல் 20 அடிப் பெட்டிக் கணக்கில் 70 இலட்சத்துக்கு மேல் கையாண்டது. ஜெய, சவுத் ஏசியா கேட்வே, 2013இல் திறந்த சைனா முனையம், அதற்குப் பிறகு கிழக்கு, மேற்கு முனையங்கள் என்று இடமும் பெருகியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்து லொறி வேலையைக் கணக்குப் போடக்கூடாது. வரும் பெட்டிகளில் பெரும்பகுதி ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகிறவை. அவற்றில் சில ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு லொறியில் மாறும், அதுவும் துறைமுகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கேட்டைத் தாண்டி கட்டுநாயக்க, பியகம வலயங்களுக்கும் கேரவலப்பிட்டிய ஸ்டோர்களுக்கும் போவது மீதிதான். அந்த மீதிக்குப் போட்டி போடும் பிரைம் மூவர்கள் ஏராளம்.

சின்ன முதலாளி, பெரிய கம்பனி என்று இங்கே இரண்டு உலகம். ஹேய்லிஸ் அட்வாண்டிஸ், எயிட்கின் ஸ்பென்ஸ் மாதிரியான பெரிய குழுமங்களுக்கு லொஜிஸ்டிக்ஸ் பிரிவுகள் இருக்கின்றன. அந்த அளவு இடங்களில் நுழைவது கடினம், அனுபவம் கேட்பார்கள், பழைய வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சின்ன முதலாளியிடம் இன்று கேட்டால் நாளைக்குச் சாவி. பெரிய கம்பனியின் வேலையையே வாடகைக்கு எடுத்து ஓடும் சின்ன முதலாளிமாரும் உண்டு. கதவில் இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது, சம்பளச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கும் என்று கேட்கவேண்டும்.

நான் சின்ன முதலாளியிடம் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டியோடு வரிசையில் நின்றேன். பத்திரத்தில் ஏதோ ஒரு திருத்தம், துறைமுகப் பத்திர வேலை பார்க்கும் வார்ஃப் கிளார்க் திங்கட்கிழமைதான் வருவார். மூன்று இரவும் கெபினிலேயே படுக்கை. வண்டியை விட்டுப் போகமுடியாது, சீல் உடைந்தால் என் தலை. பக்கத்து வண்டிக் கிளீனர் வாங்கிவந்த கொத்தும் பிளேன்டீயும், முகம் கழுவ ஒரு போத்தல் தண்ணீர், அவசரத்துக்குப் போக ஒரு பெற்றோல் ஷெட்காரரின் தயவு. செவ்வாய்க்கிழமை பெட்டியை இறக்கிக் கணக்குப் பார்க்கும்போது ஒரு ட்ரிப் என்று எழுதியிருந்தார். மற்ற நாட்களைக் கேட்டேன். "ஓடாத வண்டிக்கு என்ன பட்டா?" என்றார்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெட்டி தாமதமானால் ஏற்றுமதி இறக்குமதிக்காரர் கப்பல் கம்பனிக்குத் தண்டப் பணம் கட்டுவார். லொறி நின்றதற்குக் காசு கேட்டால் அடுத்த ஹயரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். முதலாளிக்குக் கிடைக்காததை அவர் எனக்கு எப்படிக் கொடுப்பது? ஆனால் பேரம்பேசும் பலம் உள்ள கம்பனி, வாடிக்கையாளருடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் இவ்வளவு என்று போட்டுவிடுகிறது. சாரதிக்கு நின்ற காசு கிடைக்குமா என்பது முதலாளியின் மனசில் இல்லை, அவர் செய்திருக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

2025 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே கொன்டெய்னர் லொறிகள் நாட்கணக்கில் வரிசை கட்டியதைப் பத்திரிகையில் எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் படங்களில் நின்ற ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு சாரதி இருந்தான். மாதச் சம்பளக்காரனுக்கு அது அலுப்பு. ட்ரிப் கணக்குக்காரனுக்கு அது காசு வராத மாதம்.

விநியோகக் கம்பனி

பால்மா, பிஸ்கட், குளிர்பானம், சுப்பர் மார்க்கெட் சாமான். வண்டி கென்டர் அளவு, சி1 போதும். விடியற்காலை நாலரைக்கு ஸ்டோருக்குப் போய், லோட் சரிபார்த்து, நெரிசலுக்கு முன் கிளம்பி, பத்துப் பன்னிரண்டு இடத்தில் இறக்கி, பின்னேரம் திரும்பும் வேலை. கெத்து இல்லை. கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கக் குறுக்குத் தெருக்களிலும் ரிவர்ஸ் எடுத்து எடுத்துத் தோள் வலிக்கும். ஆனால் ஒரு வருடம் அப்படி ரிவர்ஸ் எடுத்தவனை எந்த யார்டிலும் யாரும் பழிக்கமுடியாது.

இங்கே காத்திருப்பு கடையின் பின்வாசலில். ஆனால் நாள் சம்பளமோ மாதச் சம்பளமோ ஓடிக்கொண்டிருக்கும், நேரம் தாண்டினால் ஓ.டி., அதாவது மேலதிக நேரக் காசு, எழுதுவார்கள். எழுதுகிறார்களா என்று அங்கே வேலைசெய்யும் சாரதியிடம் தனியாகக் கேளுங்கள். மனிதவள மேலாளரிடம் கேட்டால் எல்லாக் கம்பனியிலும் எழுதுவார்கள்.

இன்னொரு விடயம், வேலை சிங்களத்தில் நடக்கும், பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்த பொடியன் ஆறு மாதம் திணறுவான். சரக்குக் குறைவு என்று கடைக்காரர் எழுதுவதை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவன் மாதக் கடைசியில் அழுவான். "கொட்டுப்பட்டது", "குறைவு", "திருப்பி அனுப்பியது" இந்த மூன்றும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதியிருக்கும் என்று முதல் கிழமையிலேயே பாடமாக்கவேண்டும்.

டிப்பர், பவுசர், சொந்த லொறி

இவை மூன்றும் மருமகனின் தாளில் இல்லை. ஆனாலும் எல்லோரும் கேட்பது.

டிப்பர் வேண்டாம். லோட் கணக்குக் காசு, ஆகவே வேகம், ஆகவே விபத்து. அதோடு மணல், கல் ஏற்றினால் சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வண்டியில் இருக்கவேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் நீதிமன்றத்தில் முதலில் நிற்பது ஸ்டியரிங்கில் இருந்தவன். முதலாளியின் பத்திரத்தை நம்பி ஓடி, வழக்குத் தவணைக்குத் தவணை அலைந்தவர்களை நான் அறிவேன்.

பவுசர் நல்ல வேலை, ஆனால் முதல் வேலை இல்லை. கொலன்னாவையிலிருந்தோ முத்துராஜவெலவிலிருந்தோ எரிபொருளை 6,600 லீற்றர் மடங்கில் தாங்கி வண்டியில் ஏற்றி ஷெட்டுகளுக்குக் கொடுப்பது. எரிபொருள் ஆடும். பிரேக் பிடித்த பிறகும் உள்ளே இருப்பது முன்னுக்குத் தள்ளும், வளைவில் வண்டியைச் சரிக்கும். பத்து வருடம் ஓட்டியவர்களே முதல் கிழமை வேர்த்துப்போவார்கள்.

சொந்த லொறி என்ற கனவு எனக்கும் இருந்தது. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. ஹயர் காசு அந்த வேகத்தில் ஏறவில்லை, ஷெட்டில் டீசலும் இல்லை, லீசிங் தவணை மட்டும் திகதி தவறாமல் வந்தது. என்னோடு ஓடிய இரண்டு பேர் அந்த வருடம் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சாரதி வேலைக்கு வந்தார்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு புது வண்டி ஆசை மறுபடி கிளம்பியிருக்கிறது. சொந்த வண்டியில் நிற்கிற நேரம் முழுவதும் உங்கள் கணக்கு. ஆறு மாதத் தவணைக் காசு கையில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாடு பற்றி ஒரே ஒரு வார்த்தை. கட்டாருக்கோ ருமேனியாவுக்கோ யார் கூப்பிட்டாலும், முகவரின் அனுமதி இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்கக்கூடாது. 1989 என்ற இலக்கத்துக்கு ஒரு கோல் போதும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளத் தாளின் இரண்டு பக்கம்

இப்போது காசு. மருமகனுக்கு இரண்டு கற்பனை வேலையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வேலையில் அடிப்படை 35,000, பட்டா 55,000, மொத்தம் 90,000. இரண்டாவதில் அடிப்படை 65,000, ஓ.டி. 15,000, மொத்தம் 80,000.

ஊழியர் சேமலாப நிதிக்குச் சாரதியிடம் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் சேர்க்கவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். அடிப்படைக்கு மாத்திரம் கட்டுகிறார்கள் என்று வைத்தால், முதல் வேலையில் கைக்கு 87,200, நிதிகளில் சேர்வது 8,050. இரண்டாவதில் கைக்கு 74,800, நிதிகளில் 14,950. இதுவரை பார்த்தால் முதல் வேலைதான் மேல், பொடியன் சொன்னது சரி.

இப்போது மாதத்தில் ஒரு கிழமை வண்டி கராஜில் நிற்கட்டும். முதல் வேலையில் பட்டாவில் கால்வாசி, 13,750 போய்விடும். கைக்கு 73,450. இரண்டாவதில் ஓ.டி.யில் கால்வாசி போனாலும் கைக்கு 71,050. வித்தியாசம் 2,400. நிதிகளில் இரண்டாவது வேலை 6,900 முன்னே நிற்கிறது. ஒரு பழைய பிரைம் மூவர் மாதத்தில் ஒரு கிழமை நிற்காமல் இருப்பது அதிசயம்.

பணிக்கொடை இதற்கு மேல். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 வருடம் வேலைசெய்தவர் விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 10 வருடத்துக்கு முதல் வேலையில் 175,000, இரண்டாவதில் 325,000. அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவது 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடங்களை. ஆறு லொறி முதலாளியிடம் பெரும்பாலும் அதுவும் இல்லை. சேமலாப நிதிக்கு அந்தச் சாட்டு இல்லை, ஒரே ஒருவர் வேலைசெய்தாலும் கட்டவேண்டும். ட்ரிப் கணக்கில் கொடுக்கும் கூலியும் சட்டப்படி அதற்குள் வரும். அதனால்தான் கூலியைப் பட்டா என்று பெயர் மாற்றிக் கையில் கொடுக்கும் பழக்கம் இத்தனை உறுதியாக இருக்கிறது. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000. அதை ஒட்டி அடிப்படையை நிறுத்திவிட்டு மீதியெல்லாம் பட்டா என்று சொல்லும் இடத்தில், நிற்கிற நாளுக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்காமல் எழும்பக்கூடாது.

வேலைக்குப் போகும் முன் வண்டியைப் பார்

பேச்சு முடிந்ததும் முதலாளியிடம், "ஐயா, எனக்குத் தரப்போகும் வண்டியைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

முன் டயர் இரண்டையும் பாருங்கள். ஸ்டியரிங் சில்லுக்கு, தேய்ந்ததன் மேல் புதுத் தோல் ஒட்டிய ரீபில்ட் டயர் போட்டிருந்தால் அந்த இடத்தின் மனசு விளங்கிவிடும். பிரேக்குக்கான காற்று நிரம்பியதும் என்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் அழுத்தமானியைப் பாருங்கள், முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. காற்றுத் தாங்கியின் அடியிலிருக்கும் வால்வைத் திறந்தால் வெறும் காற்று வரவேண்டும். தண்ணீரும் எண்ணெயும் பீறிட்டால் பல மாதமாக யாரும் தொடவில்லை. ட்ரெய்லர் என்றால் நாலு மூலைப் பூட்டையும் கையால் திருகிப் பாருங்கள். ஏற்றிய 20 அடிப் பெட்டி 30 தொன் வரை இருக்கும், அதை வளைவில் பிடித்துவைப்பது அந்த நாலு இரும்புத் துண்டு. சீற்றுக்குப் பின்னால் சில்லுக்கு வைக்கும் கட்டை இருக்கிறதா? கடைசியாக, முந்தைய சாரதி ஏன் போனார் என்று கிளீனரிடம் கேளுங்கள். முதலாளியைவிட அவனுக்குத்தான் உண்மை தெரியும்.

மருமகன் இரண்டு நாள் கழித்துத் தாளோடு வந்தான். புறக்கோட்டை முதலாளி, நாளுக்குப் பட்டா இல்லை, ஆனால் திரும்பும் லோட்டுக்கு ஒரு பங்கு தருவேன் என்றிருக்கிறார். நேர்மையான பதில். கம்பனியில் ஓ.டி. எழுதுவதாக இரண்டு சாரதிமார் தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது சாரதி, நல்ல மாதத்தில் மட்டும் எழுதுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். கொன்டெய்னர் முதலாளி சிரித்திருக்கிறார். "நிற்கிற நாளுக்கு என்னடா காசு? நீ படுத்துத்தானே இருப்பாய்."

விநியோகக் கம்பனிக்கே போகச் சொன்னேன், இரண்டு வருடத்துக்கு. அதற்குள் சி, அதற்குப் பிறகு சிஇ எடுக்கட்டும். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷமில்லை, கொன்டெய்னர்காரன் சொன்ன தொகை அவளுக்கும் பாடமாகிவிட்டது. அந்த முதலாளியின் நம்பரை மருமகன் போனிலிருந்து அழிக்கப் போனபோது நான் வேண்டாமென்றேன். ட்ரெய்லர் பழகுகிற காலம் வரும்போது கேட்க ஆள் வேண்டும். அப்போதும் முதல் கேள்வி அதேதான்.